கடைசி வரிசை அக்காவும் படிக்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். எங்க குழுவில் சார்ட் எழுதுவது என் வேலை. இதில் பேச என்ன இருக்குன்னு நினைக்கலாம். இருக்கு.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது நம்ம தமிழ்நாட்டு சுய உதவிக் குழு வேலை. கைநாட்டு வைத்த எத்தனையோ பெண்கள் குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் போடப் பழகினாங்க. ஆனா கையெழுத்துப் போட்டா மட்டும் போதுமா? எதுக்குப் போடுறோம்னு படிக்கவும் தெரியணும். அதுக்குத்தான் சார்ட்.

எங்க குழுவில் ஒரு அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. எப்பவும் கடைசி வரிசைதான். ஒரு கூட்டத்தில் 10,000 ரூபாய் கடனுக்கு வட்டிக் கணக்கை எழுதி மாட்டினோம். குழுவில் 1 வட்டி: மாதம் 100, வருடம் 1,200. வெளியே 3 வட்டி: மாதம் 300, வருடம் 3,600. அக்கா மெதுவா படிச்சு முடிச்சுட்டு, "நான் வெளியே மூணு வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். குழுவில் கடன் வாங்கி அதை அடைச்சிடலாமா?"ன்னு கேட்டாங்க. வாயால சொன்னப்போ தலையாட்டினவங்க, கண்ணால பார்த்ததும் கேள்வி கேட்டாங்க. அன்னைக்கே அது தீர்மானமாச்சு.

அதனால சார்ட் எழுதும் தங்கைகளுக்கு நான் பழகினதைச் சொல்றேன்.

பட்டை முனை மார்க்கர் வாங்குங்க. கறுப்பு, நீலத்தில் எழுதுங்க. சிவப்பு அடிக்கோடு போட மட்டும். மஞ்சளும் இளம்பச்சையும் சாயங்கால வெளிச்சத்தில் தெரியாது.

எழுத்து இரண்டு விரல் உயரமாவது இருக்கட்டும். தாளை மடிச்சுப் பிரிச்சா கோடு கிடைக்கும், வரி சாயாது. ஒரு சார்ட்டுக்கு ஏழெட்டு வரி போதும். நாம பாயில் உட்காருகிறவங்க. முன்னால இருக்கிறவங்க தலை மறைக்கும். அதனால சார்ட்டின் அடிப்பக்கத்தை காலியா விடுங்க.

புள்ளியை விடாதீங்க. ரகரத்துக்குக் கீழே சாய்வுக் கோடு போடுங்க. போடலேன்னா 'வரவு' என்பது 'வாவு' மாதிரி தெரியும். 1-ம் 7-ம் குழம்பக் கூடாது. 1,200-க்கு நடுவில் கமா போடுங்க.

உறுப்பினர் கருத்தைக் கேட்கும்போது, சார்ட்டைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டில் ஒரு கருத்து மட்டும் எழுதி, தெர்மோகோலில் குண்டூசியால குத்துங்க. ஒரே மாதிரி கருத்தைப் பக்கத்துல பக்கத்துல மாத்திக் குத்தலாம். அவங்க சொன்ன வார்த்தையையே எழுதுங்க. 'தண்ணி வரலை'ன்னு சொன்னா, 'குடிநீர்ப் பற்றாக்குறை'ன்னு மாத்தாதீங்க. தன் வார்த்தை பலகையில் இருந்தா அவங்களுக்கு அது தன் கூட்டமா தெரியும்.

எழுதி மாட்டினதும் கடைசி வரிசைக்குப் போய் நின்னு பாருங்க. உங்களுக்கே தெரியலேன்னா திரும்ப எழுதுங்க. தாள் செலவு கொஞ்சம்தான்.

அழகா எழுதத் தெரியாதேன்னு யாரும் பின்வாங்க வேண்டாம். அழகு வேண்டாம், தெளிவு போதும். அடுத்த கூட்டத்துக்கு, இதுவரை எழுதாத ஒருத்தர் கையில் மார்க்கரைக் கொடுங்க.