கேட்டதைச் செய்வோம்



2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய பாலத்தின் தூண்கள் அதில் சரிந்தன. 1928இல் கட்டிய பாலம் அது. போக்குவரத்து ஏற்கெனவே புதிய பாலத்துக்கு மாறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வெள்ளத்துக்கு முன் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது உறுதியாகத்தான் தெரிந்தது. அடியில் மணல் அரித்துப்போனது யார் கண்ணிலும் படவில்லை.

மத்தேயு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்கிறார். ஒன்று பாறைமீது, மற்றது மணல்மீது. மலைக்கோட்டைப் பாறையையும் காவிரி மணலையும் தினமும் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். மணல்மீது கட்டியவனும் இறைவார்த்தையைக் கேட்டவன்தான். கேட்டான், செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு திருப்பலியில் கேட்கிறோம், வானொலியிலும் கேட்கிறோம். பிறகு? வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தை நாளை, நாளை என்று தள்ளுகிறோம். பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. பீடத்தில் நின்று போதிக்கிறவர்களும் இதற்கு விலக்கல்ல. நம் விசுவாசத்தின் அடிமணல் இப்படித்தான் அரிக்கிறது. நோயும் இழப்பும் வெள்ளமாய் வரும் நாளில்தான் அது தெரியவரும்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்வோம். கொடுக்க வேண்டிய சம்பளத்தை இன்றே கொடுப்போம். அல்லது அந்த அண்ணனுக்கு நாமே முதலில் போன் செய்வோம். அதற்கான மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.