கரிக்கோல் நழுவிய கதை

(இராசபாளையத்தில் தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று உங்கள்முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள நிற்கின்றேன். முப்பதாண்டுக் காலம் என் மாணவரை ஒரு நூலின் பக்கம் போகவொட்டாது தடுத்தவன் நான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879-இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அது. தமிழின் முதற்புதினம் என்று பாடஞ்சொல்வேன், "பெயரிலேயே வடமொழி வாடை, படித்தால் நடை கெடும்" என்றும் உடனே சேர்த்துக்கொள்வேன். நான் அதை முழுதும் படித்ததில்லை என்பதை மட்டும் சொன்னதில்லை.

சென்ற கோடை விடுமுறையில், அந்நடையைக் கண்டித்துக் கட்டுரை வரையும் எண்ணத்துடன் திருவில்லிபுத்தூர் சென்றேன். 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் அங்குள்ளதை அறிவீர்கள். நூலை விரித்து, வடசொற்களைக் குறித்தெடுக்கக் கரிக்கோலும் தாளுமாக அமர்ந்தேன். இரண்டு பக்கங்களுக்குள் தாள் நிறைந்துவிட்டது! அப்பால், பிரதாபன் பாடத்தில் தவறும்போதெல்லாம் அடி உடன்பயிலும் கனகசபைக்கு விழும் இடம் வந்தது. ஒரு காலத்தில் பிரம்பு பிடித்த கை அல்லவா என் கை? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கரிக்கோல் எப்போது கீழே விழுந்ததென்று அறியேன்.

ஆண்வேடத்தில் அலையும் ஞானாம்பாள், யானை மாலையிட்டதால் விக்கிரமபுரிக்கு அரசாகின்றாள். குழந்தைக் கதைதான். ஆயின், அரசிருக்கையிலிருந்து வழக்குரைஞரை நோக்கி அவள் பேசும் பகுதியில் என் சிரிப்பு அடங்கிற்று. வழக்காடும் மக்களுக்கு விளங்காத ஆங்கிலத்தில் வழக்கை நடத்துவது முறையா என்று கேட்கின்றாள்! மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்ட 1916-க்கு 37 ஆண்டுகள் முன்பே எழுந்த குரல் அது. எழுதியவரோ 'முன்சீப்' பதவியில் இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டவர். 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிய பின்னும், சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றுவரை ஆங்கிலமாகவே இருக்கின்றது. தூய சொல்லில் எழுதிய நான், தமிழை எந்த மன்றத்தின் வாயில்வரை கொண்டுசென்றேன்?

அந்நடையை இன்றும் நான் ஏற்கவில்லை. இடையிடையே வரும் நெடிய அறவுரைகளைத் தள்ளிவிட்டே படித்தேன். ஆனால் நம் இதழ்களில் வரும் தூய கதைகளுள், என்னுடையவையும் சேர்த்தே சொல்கின்றேன், ஒன்றேனும் என்னைச் சிரிக்கவைத்ததில்லை. அந்நூலைத் தனித்தமிழில் திருப்பி எழுதலாமே என்றார் நண்பர் ஒருவர். வேண்டா என்றேன்; அந்தக் குறும்பு தாங்காது.

பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் அவ்வழக்குமன்றப் பகுதியைப் படித்துக்காட்டப் போகின்றேன். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை மாணவரே கண்டெழுதட்டும். கனகசபை அடிவாங்கும் பகுதியை அதற்கு முன்பே படித்துவிடுவோம்.