பதிப்பெண்ணும் கிளையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். ஆயினும், இச்சங்கத்து உறுப்பினருள் பலர் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகின்றவர்கள். அவர்தம் தொழிலைப் பற்றியும் ஒருநாள் தமிழில் பேசுதல் வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அதனை ஏற்று, திறமூல மென்பொருள்களுக்கு எண்ணிடும் முறையையும், அவை கிளைகளாகப் பிரிந்து வெளிவரும் முறையையும் பற்றிச் சில கருத்துகளைச் சொல்ல முன்வந்துள்ளேன். எண்ணிடுவதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வெண்ணுள் ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது என்பதும், அவ்வாக்குப் பிறழும்போது பல்லாயிரவர் இடர்ப்படுகின்றனர் என்பதுமே என் உரையின் பொருள் ஆகும்.

திறமூல மென்பொருள் என்பது யாது? நிரலின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது அது. அதனை ஆக்குவோர் ஒரு கூரையின்கீழ் இருப்பவர் அல்லர். பல நாட்டினர், பல மொழியினர், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் காணாதவர். நாள்தோறும் திருத்தங்கள் வந்து சேர்கின்றன. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதுந்தோறும் பாடபேதம் தோன்றியது. எது முந்தியது, எது பிந்தியது என்று துணிய இயலாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். எண் இல்லையேல் மென்பொருளும் அந்நிலையையே எய்தும்.

இன்று பெரிதும் வழங்கும் முறை மூன்று எண்களைப் புள்ளியிட்டு எழுதுவதாகும். 2.4.1 என்று ஓர் எண் இருப்பதாகக் கொள்வோம். நூற்பதிப்போடு ஒப்பிட்டால் இதன் பொருள் எளிதில் விளங்கும். கடைசி எண் ஏறினால், அச்சுப்பிழைகள் மட்டும் திருத்தப்பட்டன என்று கொள்ளலாம். இடையெண் ஏறினால், புதிய இயல்கள் சேர்ந்துள்ளன, பழைய இயல்கள் உள்ளவாறே உள்ளன என்பது பொருள். முதலெண் ஏறினாலோ, நூலே மாற்றி எழுதப்பட்டுள்ளது. பழைய பக்க எண்ணைக் காட்டி மேற்கோள் சொன்னவர்கள் தம் குறிப்புகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை அது. இம்முறையை விதிகளாக வகுத்து எழுதியவர் டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர்.

எல்லாரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர் என்று எண்ணவேண்டா. டொனால்ட் நூத் என்னும் கணினி அறிஞர் ஆக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் எண், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் வட்டத்தின் ‘பை’ என்னும் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. 2021-ஆம் ஆண்டில் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப்பின் அவ்வெண் ‘பை’ என்றே நிலைத்துவிட வேண்டும், அதன்பின் எவரும் அதில் கை வைத்தல் ஆகாது என்பது அவர் விருப்பம். உபுண்டுவோ ஆண்டையும் திங்களையுமே எண்ணாகக் கொள்கிறது. 2004 அக்டோபரில் வந்த அதன் முதல் வெளியீடு 4.10 எனப்பட்டது. 2006 ஏப்ரலில் வரவேண்டியது இரண்டு திங்கள் தாழ்த்தபோது, 6.04 என்று பெயர் பெறாமல் 6.06 என்றே வெளிவந்தது. தாழ்த்ததை மறைக்காத எண் அது.

இனி, கிளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மென்பொருளில் புதுமை வேண்டுவோரும் உளர். ஓடிக்கொண்டிருப்பது நில்லாதிருந்தால் போதும் என்போரும் உளர். இவ்விரு சாராரையும் ஒரே மரத்தில் வைத்துக் காப்பது எங்ஙனம்? அடிமரத்தில் புதுமைகள் வளரட்டும். குறித்த நாளில் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, அக்கிளையில் பிழைத்திருத்தம் அன்றி வேறொன்றும் நுழையாவண்ணம் காப்போம் என்பதே அதற்குக் கண்ட வழி. அடிமரத்தில் கண்டறிந்து திருத்திய பிழையைப் பழைய கிளைக்கும் எடுத்துச்சென்று பொருத்துதல் பெருந்தொண்டு. அதனைச் செய்வோர்க்குப் புகழ் மிகுதியாகக் கிட்டுவதில்லை.

லினக்ஸின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார், 1994-இல் 1.0 வெளிவந்தது. அதன்பின், இடையெண் இரட்டைப்படையாயின் நிலைத்த கிளை, ஒற்றைப்படையாயின் ஆய்வுக்கிளை என்று வகுத்தனர். 2.4 நிலைத்தது, 2.5 ஆய்வுக்குரியது. காண்பதற்கு ஒழுங்கான முறைதான். ஆயினும், நடைமுறையில் என்ன நேர்ந்தது? 2.4 வந்தது 2001 ஜனவரியில்; அடுத்த நிலைத்த கிளையாகிய 2.6 வந்தது 2003 டிசம்பரில். ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருக்க இயலாத வணிக நிறுவனங்கள், 2.5-இல் இருந்த புதுமைகளைத் தாமே எடுத்துத் தத்தம் 2.4-இல் ஒட்டிக்கொண்டன. ஒரே எண்; உள்ளீடு மட்டும் கடைக்குக் கடை வேறு! எனவே அம்முறை கைவிடப்பட்டது. இன்று ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்த்தல். எஞ்சிய வாரங்கள் சோதித்தலும் திருத்தலும். வெளியானபின் அதற்கென ஒரு நிலைத்த கிளை உண்டு. அவற்றுள் சில பல ஆண்டுகள் காக்கப்படுகின்றன. அடிமரத்தில் ஏறாத திருத்தம் கிளையில் ஏறலாகாது என்பது அங்கே விதி. இவ்விதி இல்லையேல், கிளையில் தீர்ந்த நோய் அடுத்த வெளியீட்டில் மீண்டும் தலைகாட்டும்.

இவையெல்லாம் நிரலர்தம் உள்வீட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டா. 2014 ஏப்ரல் 7-ஆம் நாள், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெருங்குறை வெளிப்பட்டது. கடவுச்சொல்லும் மறைத்திறவுகோலும் வழங்கியின் நினைவகத்திலிருந்து கசியக்கூடிய நிலை. அன்று உலகெங்கும் பொறுப்பாளர்கள் முதலில் கேட்ட கேள்வி, “உம்முடைய பதிப்பெண் என்ன?” என்பதே. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை உள்ளவை குறையுடையன, 1.0.1ஜி திருத்தம் பெற்றது, 0.9.8, 1.0.0 என்னும் பழைய கிளைகளில் அக்குறையே இல்லை. புதியதன்று என்று சிலர் இகழ்ந்த கிளை அன்று தப்பியது. டெபியன் போன்றோர் தம் நிலைத்த கிளையில் 1.0.1இ என்பதன் முன்னெண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பொருத்தி, எண்ணின் வாலை நீட்டினர். வாலைப் படியாதவர் தேவையின்றி அஞ்சினர்.

2024 மார்ச்சில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில், ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு கள்ளவாயிலை மறைத்து வைத்தார். தொலைவழி நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாழ்ப்பதைக் கண்டு ஐயுற்று, ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். அப்போது அவ்வெளியீடுகள் பெரும்பாலும் ஆய்வுக்கிளைகளையே அடைந்திருந்தன; டெபியனின் நிலைத்த கிளையைத் தீண்டவில்லை. அம்மென்பொருளை நெடுங்காலம் ஒருவரே தனியராய்ச் சுமந்து சோர்ந்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. சோர்ந்தவர்க்குத் துணையாக வந்தவனே கள்வனானான். மெய்யான துணைவர் முன்னரே சென்றிருப்பரேல், அக்கள்வனுக்கு இடம் எளிதில் கிட்டியிராது.

முதலெண்ணை மாற்றுவதன் விலை யாது என்பதைப் பைத்தான் மொழி காட்டுகிறது. 2008 டிசம்பரில் 3.0 வந்தது, பழைய நிரல்கள் பல அதில் ஓடா என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆயினும் பழையதை விட்டு வர மக்கட்கு நெடுநாள் ஆயிற்று. 2015-இல் முடிப்பதாக இருந்த 2.7 கிளையின் பராமரிப்பை 2020 வரை நீட்டித்தனர். பத்தாண்டுக்கு மேல் இரு மரங்களுக்கு நீர் ஊற்றினர் என்க. இம்மாற்றத்தால் தமிழுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. பழைய பைத்தானில் சாதாரணச் சரம் என்பது எண்மித் துகள்களின் வரிசை; யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்னும் ஒரே எழுத்தின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று விடை வரும். புதியதில் ஒன்று என்றே வரும். ‘கி’ என்பதற்கு இன்னும் இரண்டு என்றே வருகிறது. அது வேறு கதை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். க்னோம் போன்ற பெருந்திட்டங்களில், வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னர்த் திரையில் தோன்றும் சொற்றொடர்களை மாற்றாமல் உறையவைக்கின்றனர். எதற்காக? மொழிபெயர்ப்பாளர் தம் பணியை முடிப்பதற்காக. அந்தச் சில வாரம் நமக்காக ஒதுக்கப்பட்ட காலம். அதனை நாம் பயன்படுத்தாவிடில், அவ்வெளியீடு தமிழ் குறைந்தே செல்லும். அதனை நிறுவுவோர் திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகவே காண்பர். ஊரைவிட்டு வந்த நாம் விழா எடுத்துத் தமிழை வாழ்த்துகிறோம். அவ்வாழ்த்தோடு ஆண்டுக்கு இருமுறை சில மாலைப்பொழுதுகளையும் இப்பணிக்குத் தருவோமாயின் அது நிலைத்த தொண்டாகும்.

மற்றையோர்க்கும் ஒன்று சொல்வேன். நும் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள மென்பொருளின் எண்ணை ஒருமுறை பாருங்கள். அக்கிளைக்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். வருகிறதெனின், யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து, தாம் காணாத நுமக்காகப் பழைய நிரலைக் காத்துவருகிறார் என்று உணருங்கள். வரவில்லையெனின், கிளை மாறும் காலம் வந்துவிட்டது.