வாலை வெட்டினால்தான் ஜாதி நாயா?



திருட்டுப் பயத்துக்கு நம் சுங்கைப் பட்டாணித் தாமான்களில் ராட்வைலரும் டோபர்மேனும் வளர்க்கிறோம். வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. “ஒரிஜினல் ஜாதி அண்ணே, வால் வெட்டியாச்சு” என்று விற்கிறவன் சொன்னதும் மகிழ்ந்துபோய் வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறோமே, அதைத்தான் கேட்க வந்தேன். சுவரேறும் திருடன் நாயின் பல்லைப் பார்ப்பானா, சுற்றிப்போய் வாலைப் பார்ப்பானா? (சிரிப்பு)

பிறந்து மூன்று, நான்கு நாள். கண்கூடத் திறக்காத குட்டி. வாலில் ரப்பர் வளையத்தை மாட்டி, ரத்தம் ஓடாமல் செத்து விழ விடுகிறார்கள். இல்லையென்றால் கத்தரியால் ஒரே வெட்டு. பெரும்பாலும் மரப்பு ஊசி கிடையாது. குட்டிக்கு வலிக்காதாம்! வலிக்காத குட்டி ஏனய்யா வீறிடுகிறது? வால் என்ன தலைமயிரா? முதுகெலும்பின் தொடர்ச்சி, எலும்பும் நரம்பும் ஓடுகிற உறுப்பு.

இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளுக்கும் இதைத்தான் செய்தார்கள். கடிவாள வார் வாலுக்கடியில் சிக்கும் என்று சாக்கு. போகப்போக அதுவே பகட்டாயிற்று. ஈ மொய்த்தால் விரட்ட வாலின்றி, தோலைச் சிலிர்த்துச் சிலிர்த்து நிற்கும் அந்தக் குதிரை. 1877-இல் ‘பிளாக் பியூட்டி’ நாவலில் அன்னா சூவல் ஒரு குதிரையையே பேசவைத்து இதைக் கண்டித்தார். தடைச் சட்டம் வந்ததோ 1949-இல்! நம் தோட்டத்து மதுரை வீரன் கோயில் குதிரைக்கு எந்தச் சிற்பியாவது மொட்டை வால் வைப்பாரா?

ராட்வைலர் ஜெர்மனியில் கசாப்புக்காரர்களின் வண்டி இழுத்த நாய். அந்த ஜெர்மனியே 1998-இல் அழகுக்காக வால் வெட்டுவதைத் தடுத்துவிட்டது. அங்கே இன்று ‘ஒரிஜினல்’ என்றால் முழு வால்! நாம்தான் அவர்கள் கழித்துப்போட்ட மோஸ்தரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். (கைதட்டல்)

வெட்டாவிட்டால் வால் அடிபட்டுப் புண்ணாகும் என்பார்கள். 2010-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வின் கணக்கு இது: ஒரே ஒரு வால் காயத்தைத் தடுக்க ஏறக்குறைய 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டும்.

நம் மலேசியாவிலும் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. கொடுமை செய்தால் 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டத்தைவிட உங்கள் பணப்பைக்குத்தான் வலு அதிகம். வால் வெட்டிய குட்டி விலைபோகாவிட்டால் எவன் வெட்டுவான்?

குட்டிக்கு முன்பணம் கட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். இன்றிரவே போன் போட்டு, “வாலோடுதான் வேண்டும்” என்று சொல்லுங்கள். குட்டி போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கத்தரி நாலாம் நாளே வந்துவிடும்.