மடித்த தாளும் வெசாக் கூடும்



கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடும்பாதையிலே திகனையைக் கடந்து போனால் தெல்தெனிய வரும். பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. 1985 இல் திறந்துவைக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான அணையின் பொருட்டு அவ்வூர் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பகுதிப் பாடசாலையொன்றிலே கேத்திர கணிதம் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. வகுப்பிலே கவராயம் வைத்திருந்தவர் ஐவர்; பாகைமானி வைத்திருந்தவர் மூவர். முதலாந் தவணை முழுவதும் கரும்பலகையில் வரைந்து தள்ளினேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், அவ்வளவே.

அப்பொழுதுதான் சுந்தர ராவின் நூல் நினைவுக்கு வந்தது. தாள் மடித்தே கேத்திர கணிதம் பயிலும் முறையைச் சொல்லும் அந்த ஆங்கில நூல் 1893 இல் சென்னையில் வெளியாயிற்று. சிறுவர் பள்ளிகளிற் கையாளப்பட்ட தாள் மடிப்பு விளையாட்டே அதற்கு வித்து என்று அவரே கூறியிருக்கின்றார். ஜெர்மானியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் 1895 இல் வெளியான தம் விரிவுரைகளில் அதனைக் குறிப்பிட்டார். 1901 இல் சிக்காகோவில் அது மறுபதிப்புப் பெற்றது. நம்மவர் நூல் கடல் கடந்து புகழ் பெற்ற பின்னும் நம் வகுப்பறைக்குள் நுழையாதிருப்பது எனக்கு வியப்பே.

வானொலியருகே இருப்போர் ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கையில் எடுத்துக்கொள்க. அதன் ஓரம் கிழிந்திருந்தாலும் பாதகமில்லை. ஒருமுறை மடித்து அழுத்துங்கள். அடிமட்டமின்றியே நேர்கோடு கிடைத்துவிட்டது. அந்த மடிப்பு தன்மேலேயே பொருந்துமாறு மறுபடி மடியுங்கள், செங்கோணம். இவ்வாறே நாற்புறமும் மடித்து நீள்சதுரமாக்கி, ஒரு மூலையைச் சாய்வாக மடித்து, மிகுதியை நீக்கினாற் சதுரம்.

இனிச் சதுரத்தை இடமும் வலமும் பொருந்த மடித்து விரித்தால், நடுவே நெடுக்காக ஒரு கோடு விழும். கீழ் இடமூலையை அசையாது பிடித்துக்கொண்டு, கீழ் வலமூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேற் படிய வையுங்கள். அது படியும் புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தாற் சமபக்க முக்கோணி.

இங்கேதான் ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு நூல் குறைகின்றது" என்றான். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அவன் அளவு சரியானதே. அவன் மடிப்புச் சற்றுப் பிசகியிருந்தது. "தம்பி, அடிமட்டத்தை வைத்துவிடு. நீ தூக்கியது எந்தப் பக்கம்?" என்றேன். "கீழ்ப் பக்கம்." "தூக்கும்போது நீளம் மாறிற்றா?" "இல்லை." "நடுக்கோட்டிலுள்ள புள்ளி இரு மூலைகளிலிருந்தும் எவ்வளவு தூரம்?" சிறிது நேரம் தாளையே பார்த்தான். "ஒரே தூரம். அப்படியென்றால் மூன்றும் ஒன்றுதான் சேர், என் தாள்தான் பிழை" என்றான். நிறுவல் என்ற சொல்லை அன்றுதான் அவ்வகுப்புக்குக் கற்பித்தேன்.

வெசாக் நெருங்கிற்று. அயலிலுள்ள சிங்களப் பிள்ளைகள் 'அட்டபட்டம்' என்னும் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் கூடிக்கொண்டார்கள். மூங்கிற் சிம்புகளால் ஆறு சதுரச் சட்டங்கள். அவற்றை மூலையோடு மூலை நூலாற் கட்டுவார்கள். எட்டுப் பட்டை என்று பொருள்படும் பெயருக்கு எட்டு எங்கே என்று கேட்டேன். சதுரங்களுக்கிடையே தாமாக உண்டாகும் முக்கோணிகளை ஒரு சிறுமி எண்ணிக் காட்டினாள். சரியாக எட்டு, அனைத்தும் சமபக்க முக்கோணிகள்.

ஆனால் கட்டிய கூடு நிற்கவில்லை, பிடித்தால் நெளிந்தது. முன்பு மறுத்த அதே மாணவன் மூன்று சிம்புகளைக் கட்டி அழுத்தினான், அசையவில்லை. நான்கைக் கட்டி அழுத்தினான், சாய்சதுரமாயிற்று. "சதுரங்கள்தாம் குழப்பம் செய்கின்றன, சேர்" என்றான்.

ஆகவே, கூடு கட்டும் நேயர்கள் சதுரங்களுக்கே முதலில் வண்ணக் கடதாசியை இறுக்கி ஒட்டுக. மூலைவிட்டமாக ஒரு சிம்பு செய்யும் வேலையை அந்த மெல்லிய தாளே செய்துவிடும். ஆறு சதுரமும் உலர்ந்தபின் கூடு நெளியாது. முக்கோணிகளைப் பிறகு ஒட்டலாம். விளக்கு வைக்க ஒன்றைத் திறந்துவிடுக.