புதுப்பித்த எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் திடீரென விழுந்தால்
பிரித்துப் புதுப்பித்த மோட்டார் எஞ்சினில் எண்ணெய் அழுத்தமானியின் முள் திடீரென விழுந்தால், அக்கணமே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். வீடு சேரும்வரை ஓட்டலாமென எண்ணினால் பேரிங்குகள் சில நிமிஷங்களிலேயே தேய்ந்து, செலவிட்ட பணம் முழுவதும் விரயமாகக்கூடும்.

முதலில் அளவுகோலை உருவி எண்ணெய் இருக்கிறதாவெனப் பாருங்கள். இருந்தால் வேறொரு மானியைப் பொருத்தி, எஞ்சினைச் சிறிது நேரமே ஓட்டிச் சோதியுங்கள். பழுது மானியிலேயே இருத்தலும் உண்டு. அதுவும் தாழ்ந்தே காட்டினால் அழுத்த வால்வைக் கழற்றிப் பாருங்கள். சிறு உலோகத் துகள் சிக்கினாலும் அது திறந்தபடியே நின்றுவிடும். அடுத்து, எண்ணெய்த் தொட்டியை இறக்கிப் பம்பின் சல்லடையைச் சோதியுங்கள். வேலையின்போது உள்ளே தங்கிய துணிநாரும் காஸ்கெட் துணுக்கும் அதனை அடைத்துவிடும்.

பேரிங்கின் இடைவெளி மிகுந்திருந்தால், எஞ்சின் சூடேறச் சூடேற அழுத்தம் படிப்படியாகவே குறையும். ஆகையால், சிறிய காரணங்களை வரிசையாகப் பார்த்து முடித்த பின்னரே எஞ்சினை மீண்டும் பிரித்தல் நலம்.