அச்சு முறுக்கு



கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அச்சு முறுக்கு சுடுவது எங்கள் இல்லத்தில் பாட்டியார் காலத்து வழக்கம். அரிசி மாவை முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால், எள் சேர்த்துக் கரைத்து, எண்ணெயில் காய்ந்த அச்சை அதில் முக்கால் பங்கே தோய்த்தல் வேண்டும். முழுதும் அமிழ்த்தினால் மாவு மேலே மூடிக்கொள்ளும். முறுக்கு கழன்று வாராது.

அன்னையார் மறைந்தபின் அளவுக் குறிப்பைத் தேடினேன், இல்லை. மாணவர்க்கெல்லாம் குறிப்பெடுக்கக் கற்பித்த நான், அவரிடம் ஒரு நாளேனும் கேட்டு எழுதிக்கொண்டேனில்லை. அவ்வாண்டு நான் சுட்டவை அச்சிலேயே ஒட்டிக்கொண்டன.

"பித்தளை அச்சைப் புளியிட்டு விளக்கிவிட்டாயே, தம்பி!" என்றார் தமக்கையார். எண்ணெய் ஊறிய அச்சுத்தான் மாவை விடுமாம்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மாவு 1 உழக்கு, சர்க்கரை அரை உழக்கு, முட்டை 1. தேங்காய்ப்பால் எவ்வளவு என்றேன்.

"பதம் பார்த்து ஊற்று" என்றார்.